மேல்வாரம் வாங்கிய மொழிகள்

தஞ்சாவூர்ப் பக்கம் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டுப் போகிறவரிடம் முதலில் கேட்பது சிட்டாவும் அடங்கலும். அடங்கல் தாளின் மேல்வரியில் ‘பசலி’ என்று ஓர் எண் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை அந்த எண் 1434. அதோடு 590-ஐக் கூட்டினால் நாம் புழங்கும் ஆண்டு வந்துவிடும். அறுவடையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது பசலி. அக்பர் காலத்தில் வரி வசூலுக்கென்று ஏற்பட்ட ஆண்டுக் கணக்கு. காவிரிப் படுகையை முகலாயர் ஒருநாளும் நேராக ஆண்டதில்லை. ஆனாலும் இங்கே சாகுபடி இன்றுவரை அவர்களுடைய அறுவடை ஆண்டில்தான் பதிவாகிறது.

அதே தாளில் நிலத்தின் பரப்பு ஹெக்டேரில் இருக்கும். அந்த விவசாயியை டீக்கடையில் நிறுத்தி, எவ்வளவு நிலம் என்று கேட்டுப்பாருங்கள். ஹெக்டேர் என்ற சொல் வாயில் வராது. ‘ஒம்போது மா’ என்பார். மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் மா என்றால் இருபதில் ஒரு பங்கு. வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதால், பின்னத்தின் பெயரே நிலத்துக்கும் பெயராக நின்றுவிட்டது. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளும் இதே மா, காணி, முந்திரிக் கணக்கில்தான் நிலத்தைப் பேசுகின்றன.

ஆக, ஒரே வயலை அளப்பது தமிழில். அதற்கு வரி போடுவது தாசில்தார், ஜமாபந்தி, பிர்கா, கிஸ்து என்ற பாரசீக, அரபுச் சொற்களில். அதன் உடைமைக்கு மிராசு என்று அரபுப் பெயர். அந்த வயலின் நெல்லை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு ஒரு காலத்தில் பாட்டு தெலுங்கில் எழுதப்பட்டது, அரண்மனைக் கணக்கு மராட்டியில் எழுதப்பட்டது, சாஸ்திரம் சமஸ்கிருதத்தில் எழுதப்பட்டது. தஞ்சாவூர் பல மொழி பேசிய ஊர் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அவை எப்படி ஒன்றையொன்று மிதிக்காமல் இருந்தன, பிறகு ஏன் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின என்பதற்கு விடை மொழிநூலில் இல்லை. நெல் கணக்கில் இருக்கிறது. இங்கே மொழிகள் ஊரைப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை, வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. வேலைக்கு யார் படியளந்தார்களோ அவர்களுடைய கை ஓய்ந்தபோது மொழியும் வீட்டுக்குள் போயிற்று.

இதற்கு நேர் எதிரான ஓர் ஊரைச் சொன்னால் ஒப்பிட வசதியாக இருக்கும். பிரேசிலின் வடமேற்கு மூலையில், ரியோ நீக்ரோ ஆற்றின் மேல்பகுதியில், சாவ் கப்ரியேல் ட கஷொய்ரா என்று ஒரு நகராட்சி. பெயர்தான் நகராட்சி, பரப்பு ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். பெரும்பாலும் காடும் ஆறும் பழங்குடி ஊர்களும். அங்கே இருபதுக்கு மேற்பட்ட மொழிகள் புழங்குகின்றன. 2002-இல் அந்த நகராட்சி மன்றம் ஒரு சட்டம் போட்டு, போர்ச்சுகீசியத்தோடு ந்யேங்கட்டு, துகானோ, பனிவா ஆகிய மூன்றையும் ஆட்சிமொழியாக்கியது. பிரேசிலில் நகராட்சி அளவில் இப்படிச் செய்ததில் அதுதான் முன்னோடி. அங்கே மொழிக்குப் பாதுகாப்பு காகிதத்தில், சட்டமாக வந்தது. தஞ்சாவூர் நகராட்சி 1866-இல் ஏற்பட்டது, 2014-இல் மாநகராட்சி ஆனது. தெலுங்குக்கோ மராட்டிக்கோ சௌராஷ்டிரத்துக்கோ அது ஒருபோதும் சட்டம் போட்டதில்லை. போடவேண்டிய தேவை இருந்ததாகவும் யாருக்கும் தோன்றவில்லை. இங்கே மொழிக்குப் பாதுகாப்பு மானிய நிலமாக இருந்தது.

அந்த ஏற்பாட்டின் மிகப் பழைய முழுக் கணக்கு பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. 1010-இல் கட்டி முடித்த கோயிலைச் சுற்றி, அதிட்டானத்திலும் சுவரிலும் ராஜராஜன் வெட்டிவைத்தது பெரும்பாலும் வரவு செலவுதான். எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்கவேண்டும், அதை எந்த மரக்காலால் அளக்கவேண்டும் என்பதுவரை அதில் உண்டு. அந்த மரக்காலுக்குப் பெயர் ஆடவல்லான். கோயிலில் ஆடுகிற கடவுளின் பெயரையே நெல் அளக்கிற பாத்திரத்துக்கு வைத்திருந்தார்கள். தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர் சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் குடியிருந்த தெரு, வீட்டின் வரிசை எண், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் எல்லாம் கல்லில் இருக்கின்றன. ஒருவருக்குப் பங்கு ஒன்று. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவர், பாடுவோர், கணக்கர், தையல்காரர் என்று பட்டியல் நீள்கிறது. கலை என்று நாம் சொல்வதை அந்தக் கல்வெட்டு நெல்லாகத்தான் எழுதி வைத்திருக்கிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை, நேர்மையாகப் படுகிறது.

விளைச்சலில் உழுகிறவருக்குப் போவது குடிவாரம், மேலே போவது மேல்வாரம். மேலே என்பது சில சமயம் அரசன், சில சமயம் கோயில், சில சமயம் அரசன் யாருக்கு எழுதிக்கொடுத்தானோ அவர். அரசன் தன் பங்கை இன்னாருக்கு என்று விட்டுக்கொடுப்பதுதான் பிரமதேயம், தேவதானம், சர்வமானியம், பிற்காலத்து இனாம் எல்லாமே. தஞ்சாவூரில் ஆண்டவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இந்த வழி மட்டும் மாறவில்லை.

1532 வாக்கில் சேவப்ப நாயக்கரோடு தெலுங்கு அரசவை வந்தது. ரகுநாத நாயக்கர் தாமே தெலுங்கில் எழுதியவர். அவர் மகன் விஜயராகவ நாயக்கர் யட்சகானங்கள் எழுதினார். அவர் அவையிலிருந்த ரங்காஜம்மா எழுதிய ‘மன்னாருதாச விலாசமு’ தெலுங்கு இலக்கியத்தில் இன்றும் பேசப்படுகிறது. 1673-இல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. சிவாஜியின் மாற்றாந்தாய்த் தம்பி ஏகோஜி, பீஜப்பூர் படையோடு வந்தவர், சில ஆண்டுகளுக்குள் தஞ்சாவூரைத் தமதாக்கிக்கொண்டார். அரசவை மராட்டி ஆனது. இனித் தெலுங்கு போய்விட வேண்டும் அல்லவா? போகவில்லை. ஏகோஜியின் மகன் ஷாஜி, மராட்டிய அரசன், திருவாரூர்த் தியாகராஜர் மேல் ‘பல்லகி சேவா பிரபந்தம்’ எழுதியது தெலுங்கில். பாட்டு, ஆட்டம், நாடகம் என்ற வேலை ஏற்கெனவே தெலுங்கின் கையில் இருந்தது. புதிய முதலாளியும் அந்த வேலையை அதன் கையிலேயே விட்டுவைத்தார்.

ஷாஜியின் பெயரில் ‘பஞ்சபாஷா விலாச நாடகம்’ என்று ஒன்று இருக்கிறது. தமிழ், தெலுங்கு, மராட்டி, இந்தி, சமஸ்கிருதம் என்று ஐந்து மொழியில் பாத்திரங்கள் பேசும் நாடகம். ஆளுக்கு ஒரு நாடு, நாட்டுக்கு ஒரு மொழி. அதை ஒற்றுமைப் பிரசாரமாகப் படிக்க இன்று ஆசை வரும். அன்றைக்குத் தஞ்சாவூர்க் கீழவீதியில் அரை மணி நேரம் நின்றவருக்கு அது நடப்பியல் நாடகம்தான். அதே ஷாஜி 1693-இல் திருவிசநல்லூரைச் சமஸ்கிருத அறிஞர்களுக்கு எழுதிக்கொடுத்து, ஊருக்கு ஷாஜிராஜபுரம் என்று பெயரும் வைத்தார். பாட்டுக்குத் தெலுங்கு, சாஸ்திரத்துக்குச் சமஸ்கிருதம், கஜானாவுக்கு மராட்டி, வயலுக்கும் ஓதுவாருக்கும் தமிழ். மேல்வாரம் எல்லோருக்கும் அளந்தது.

மெலட்டூருக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டருக்குள் இருக்கும். அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்து வைத்த ஊர் என்பது அங்கே வழக்கு. அதனால்தான் அதற்கு அச்சுதபுரம் என்றும் ஒரு பெயர். ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தியன்று, மே மாத வெக்கையில், வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு எதிரே விடிய விடிய ‘பிரகலாத சரித்திரம்’ நடக்கிறது. எழுதியவர் தியாகராஜருக்கு மூத்தவரான மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி. வசனமும் பாட்டும் தெலுங்கு. பெண் வேடமும் ஆண்களே கட்டுகிறார்கள். பின்னிரவில் நரசிம்மர் முகமூடி வெளியே வருகிறபோது, அதைக் கட்டியவரைப் பின்னாலிருந்து பலர் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். முகமூடி ஒரு பொருளாக இல்லை, சாமியாகவே இருக்கிறது. தெருவில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் பெரும்பாலோருக்கு வசனத்தின் தெலுங்கு அரைகுறையாகத்தான் புரியும். ஒருவரும் எழுந்து போவதில்லை. நிலம் போய், நடிப்பவர்களில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் வேலையில் இருந்துகொண்டு அந்த ஒரு வாரத்துக்கு லீவு போட்டு வருகிறார்கள். மானியம் நின்ற பிறகும் வேலையை விடாத மொழிக்கு என் கண்ணில் பட்ட உதாரணம் இது ஒன்றுதான்.

தியாகராஜர் தனி ரகம். வீட்டு மொழியும் பாட்டு மொழியும் தெலுங்கு. பிறந்தது திருவாரூர், வாழ்ந்தது திருவையாறு. அரசவை அழைத்தும் போகவில்லை என்பது வழக்கு. மேல்வாரம் வேண்டாம் என்றவர் உஞ்சவிருத்தி எடுத்தார். தெருவில் பாடிக்கொண்டு போவார், வீட்டுக்கு ஒரு பிடி அரிசி விழும். அரசன் வழியாக வராமல் நேராகவே வந்தது, அவ்வளவுதான், அரிசி அரிசிதான்.

மராட்டிக்கு வருவோம். அதன் வேலை கணக்கு. சரஸ்வதி மகால் நூலகத்தில் துணியில் பொதிந்த கட்டுகளாக மோடி ஆவணங்கள் கிடக்கின்றன. மோடி என்பது மராட்டியை விரைவாக எழுதுவதற்கான எழுத்து. எழுதுகிறவர் முதலில் தாளின் குறுக்கே தலைக்கோட்டை ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார். பிறகு அதில் தொங்கவிட்டதுபோல, இயன்றவரை எழுதுகோலைத் தூக்காமல் எழுத்துகளைக் கோத்துக்கொண்டே போவார். ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பழகியவருக்கு மட்டுமே படியும். சமையல் சாமான், யானைத் தீவனம், சத்திரத்துச் சோறு, வைத்தியர் சம்பளம், சங்கீத வித்வானுக்குச் சால்வை என்று அரண்மனையின் அன்றாடச் செலவு முழுவதும் இதில்தான் பதிவானது. 1989-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இந்த ஆவணங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றின் தமிழாக்கத்தை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. தஞ்சாவூரைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேராவது அதைப் புரட்டியிருந்தால் மராட்டிய அரண்மனையில் சாம்பார் பிறந்தது என்ற கதை இவ்வளவு முறை அச்சாகியிருக்காது.

மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி 1799-இல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்த உடன்படிக்கையில் ராஜ்யம் போயிற்று. கோட்டை தங்கியது, ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் தங்கின. மேல்வாரத்தின் பெரும்பகுதி முதல்முறையாகக் கடல் தாண்டிய கணக்கில் ஏறியது. மிஞ்சிய ஐந்தில் ஒன்றை வைத்துக்கொண்டு அவர் செய்ததைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. தேவநாகரி அச்சுக்கூடம் வைத்து ஈசாப் கதைகளை மராட்டியில் அச்சிட்டார். பூகோளம் சொல்லித்தர மராட்டியில் ‘தேவேந்திர குறவஞ்சி’ எழுதினார். அதில் குறத்தி உலகத்து நாடுகளைச் சொல்லிக்கொண்டு போகிறாள். குறவஞ்சி தமிழ் வடிவம், உள்ளடக்கம் ஐரோப்பியக் கல்வி, மொழி மராட்டி. 1803-இல் பெரிய கோயில் சுற்றுச்சுவரின் தென்மேற்குப் பக்கத்தில் போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றை மராட்டியில் மிக நீளமாகக் கல்லில் வெட்டினார். ராஜராஜன் நெல் கணக்கை வெட்டிய அதே கோயிலில், நெல் கை நழுவிப் போன நாலாம் ஆண்டில், ஓர் அரசன் தன் குடும்பக் கதையை வெட்டியிருக்கிறார். அந்த இரண்டு எழுத்துக்கும் நடுவே சில நிமிட நடைதான்.

அவர் சேர்த்த நூலகத்தின் கணக்கே இந்த ஊரின் மொழி ஏற்பாட்டைக் காட்டிவிடும். சமஸ்கிருதச் சுவடிகள் சுமார் 39,000; தமிழ் 3,500; மராட்டி 3,000; தெலுங்கு 800-க்குச் சற்று மேல். தெரு முழுக்கத் தமிழ் பேசிய ஊரின் அரண்மனை நூலகத்தில் தமிழ் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதைக் கண்டு கோபப்படுகிறவர்கள் உண்டு. கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால் இந்தக் கணக்கு எதைச் சொல்கிறது என்றால், அரண்மனை எந்த வேலைக்கு எந்த மொழியை வைத்திருந்தது என்பதை மட்டும்தான். சைவ மடங்களின் சுவடிகளும் புலவர் வீட்டுப் பரண்களும் இதில் சேரவில்லை.

1855-இல் தஞ்சாவூர் மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். கம்பெனி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. ராணி காமாட்சி பாயி வழக்குப் போட்டு, அது லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1859-இல் இது அரசின் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்று முடிந்தது. மராட்டிக்கு வேலை போயிற்று. கணக்கு எழுதிய குடும்பங்கள் தயங்கவில்லை. ஒரே தலைமுறையில் இங்கிலீஷுக்கு மாறின. 1828-இல் கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவ ராவ் திருவிதாங்கூர், இந்தோர், பரோடா என்று மூன்று சமஸ்தானங்களுக்கு திவானானார். கணக்கு என்ற திறமை ஊர் மாறிப் போயிற்று. மோடி எழுத்து இங்கேயே கிடந்தது. தஞ்சாவூர் மராட்டி இன்று சில ராயர் குடும்பங்களின் வீட்டுப் பேச்சு. புனேயிலிருந்து வருகிறவர் அதைக் கேட்டால் பழங்காலத்து மராட்டியைத் தமிழ் ராகத்தில் பேசுவதாகச் சொல்வார். பொதுவெளியில் அது விட்டுப்போனது லாவணியும் கதாகாலட்சேபத்து மெட்டுகளும். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராட்டியக் கீர்த்தனக்காரர்களிடமிருந்து சாகி, திண்டி, அபங்கம் என்ற அந்த மெட்டுகளை எடுத்துத் தமிழ்க் கதை சொல்லுதலுக்குள் வைத்துத் தைத்தார்.

மேல்வாரம் வாங்காமலே நின்ற மொழியும் இங்கே ஒன்று உண்டு. சௌராஷ்டிரம். அதைப் பேசும் பட்டுநூல்காரர்கள் நாயக்கர் காலத்தில் தஞ்சாவூர், அய்யம்பேட்டை, கும்பகோணம் என்று குடியேறினார்கள். அவர்களுடைய வருமானம் நிலத்திலிருந்து வரவில்லை. தறியிலிருந்து வந்தது, சந்தையில் விற்றது. அரசன் போனாலும் சேலை வாங்குகிறவர்கள் இருந்தார்கள். வீட்டுக் கூடத்தில் தறி, குழியில் கால், பக்கத்தில் மனைவி இழை கோக்கிறாள், பிள்ளை நூல் சுற்றுகிறான். நாள் முழுவதும் வேலைப் பேச்சும் வீட்டுப் பேச்சும் ஒரே மொழியில். பள்ளிக்கூடமும் அரசவையும் கைகொடுக்காத மொழி நானூறு ஆண்டுகள் நின்றதற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை. தியாகராஜரின் சீடர் வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் அய்யம்பேட்டையில் பிறந்த சௌராஷ்டிரர். தெலுங்கிலும் சௌராஷ்டிரத்திலும் எழுதினார். கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்துப் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு சேலைக்கு. தறி கூடத்திலிருந்து வெளியே போய், பிள்ளைகள் ஐ.டி. வேலைக்குப் போகும்போது மொழிக்கு என்ன ஆகும் என்பது அந்தத் தெருக்களில் இப்போது பாட்டிமார்களுக்கும் பேரன்களுக்கும் நடுவே தீர்மானமாகிக்கொண்டிருக்கிறது.

கடற்கரைப் பக்கம் போர்ச்சுகீசியம் வேறொரு வேலையைப் பார்த்தது. 1658-இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்துக்கொண்ட பிறகும் வணிகத்திலும் கப்பலிலும் கிறித்தவத் தெருக்களிலும் அந்த மொழியே பொதுப்பேச்சு. ரகுநாத நாயக்கர் 1620-இல் டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்த தரங்கம்பாடியில் 1706-இல் வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழோடு போர்ச்சுகீசியமும் கற்க வேண்டியிருந்தது. தஞ்சாவூரில் வாழ்ந்து 1798-இல் மறைந்த ஜெர்மானியப் பாதிரி ஷ்வார்ட்ஸும் தமிழ், மராட்டி, பாரசீகத்தோடு அதையும் அறிந்தவர். ஹைதர் படையெடுப்பின்போது கோட்டைக்குள் பஞ்சம். ராஜாவையும் நம்பாமல், கம்பெனியையும் நம்பாமல் குடியானவர்கள் நெல் தர மறுத்துவிட்டார்கள். ஷ்வார்ட்ஸ் தம் பெயரில் ஓலை அனுப்பியதும் வண்டிமாடுகள் வந்து சேர்ந்தன. அவர்கள் நம்பியது தங்கள் மொழியில் பேசிய ஆளைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. போர்ச்சுகீசியம் போன பிறகு வீட்டுக்குள் விட்டுப்போனவை சாவி, ஜன்னல், அலமாரி, மேசை. அன்னாசி இன்னும் தூரத்துச் சரக்கு. பிரேசில் காட்டுத் துப்பி மக்களின் சொல், போர்ச்சுகீசியக் கப்பலேறி வந்தது. தஞ்சாவூர்க் கல்யாணப் பந்தியில் அன்னாசி ரசம் ஊற்றும்போது நாம் ந்யேங்கட்டுவின் தாய்மொழியில் ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இத்தனை மொழிக்கும் படியளந்த வயலுக்குள் இவற்றில் ஒன்றுகூட இறங்கவில்லை. நாற்றங்கால், பரம்பு, வரப்பு, தலைமடை, கடைமடை, களை, கதிர், தாளடி, போர், பதர், கருக்காய், கண்டுமுதல் எதிலாவது பாரசீகமோ தெலுங்கோ மராட்டியோ இருக்கிறதா? வரப்புக்கு மேலே நின்றவர்கள் மிராசுதார் ஆனார்கள். கீழே சேற்றில் நின்றவர்கள் பண்ணையாள். மேல்வாரம் எவ்வளவு பெரிதாக இருந்ததோ அவ்வளவுக்குக் கீழே கூலி சிறுத்திருந்தது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல்தான் வந்தது. கூலியை நெல்லில் கொஞ்சம் கூட்டிக் கேட்ட தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள்; பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பஞ்சபாஷா நாடகத்தின் சிறப்பைப் பேசுகிறவர்கள் அந்த நாடகத்துக்கு எண்ணெய் ஊற்றிய நெல் யார் கையால் வந்தது என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும். ஐந்து மொழியில் ஒன்றாவது அவர்கள் பெயரை எழுதி வைக்கவில்லை.

தமிழ் தனக்கு விட்டுப்போன வேலைகளைத் திரும்பக் கேட்டது இருபதாம் நூற்றாண்டில். 1911-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம். 1917-இல் ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’, பாட்டின் இலக்கணமே தமிழுடையது என்று வாதாடிய பெரும் நூல். 1981-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம். அலுவலகமும் பள்ளியும் மேடையும் தமிழுக்கு வந்தன. பசலி மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

இதற்கிடையில் நெல் கணக்கே மாறியது. 1934-இல் மேட்டூர் அணை, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதே திட்டத்தில் வந்த கல்லணைக் கால்வாயை ஊர்க்காரர்கள் புதாறு என்கிறார்கள். பெரிய கோயிலுக்குப் பக்கமாக நகரத்துக்குள்ளேயே ஓடுகிறது. ஜூன் 12 தண்ணீர் திறந்தால் குறுவை. திறக்காவிட்டால் ஒருபோகச் சம்பா. 2018-இல் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு என்று வைத்த அளவு 177.25 டி.எம்.சி. மேல்வாரம் வாங்க அரசன் இல்லை. வாங்குகிறது நுகர்பொருள் வாணிபக் கழகம். குறுவை அறுப்பு ஐப்பசி மழையோடு மோதும் நாளில் ஏதாவது ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நின்று பாருங்கள். தார்ப்பாய் மூடிய நெல்குவியல்கள் சாலையோரம் வரிசையாகக் கிடக்கும். ஒரு பிடி நெல்லை மீட்டரில் போட்டு அமுக்கி எண்ணைப் பார்ப்பார்கள். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருந்தால் தூற்றி, 40 கிலோ சிப்பமாகத் தைத்து, பட்டியல் எழுத்தர் பில் போடுவார். இருபது என்று காட்டினால் குவியலைப் பிரித்துத் தார்ரோட்டில் மறுபடி காயப்போட வேண்டியதுதான். ஆடவல்லான் மரக்கால் இருந்த இடத்தில் அந்த மீட்டர் உட்கார்ந்திருக்கிறது.

நகரமோ நெல்லை விட்டு எப்போதோ நகர்ந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்து இருபத்திரண்டாயிரம் பேர் இருந்த இந்த ஊருக்கு இன்று சோறு போடுவது மருத்துவக் கல்லூரி, பல்கலைக்கழகங்கள், ஆஸ்பத்திரிகள், பெரிய கோயிலுக்கு வரும் பஸ்கள். வீணையும் தலையாட்டிப் பொம்மையும் தட்டும் ஓவியமும் கண்ணாடிப் பெட்டியில் பார்க்க அழகாக இருக்கின்றன. அவற்றால் ஊர் பிழைக்கவில்லை.

வயலில் இப்போது ஒரு புது நிகழ்ச்சி. சில ஆண்டுகளாக மேற்கு வங்காளத்திலிருந்து நடவு ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, ஷெட்டில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு, விடியலில் சேற்றில் இறங்குகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளில் நாயக்கரும் மராட்டியரும் கம்பெனியும் கொண்டுவராததை அவர்கள் கொண்டுவந்திருக்கிறார்கள். வரப்புக்குக் கீழே வேற்றுமொழி கேட்கிறது. இம்முறை மொழி மேல்வாரம் வாங்க வரவில்லை, கூலிக்கு வந்திருக்கிறது. அவர்கள் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் சேர்ந்தால் அடுத்த அத்தியாயத்தை யாராவது எழுத வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளை இடிக்கும்போது பரணிலிருந்து துணி சுற்றிய காகிதக் கட்டுகள் விழும். தலையில் ஒரு நீளக் கோடு, அதில் தொங்கும் புரியாத கிறுக்கல். பழைய பேப்பர் கடையில் அதற்குக் கிலோக் கணக்கில்தான் விலை. அது பெரும்பாலும் மோடியாக இருக்கும்; உங்கள் ஊரின் எந்த வயல் எவ்வளவு நெல் அளந்தது என்பதாகக்கூட இருக்கலாம். எடைக்குப் போடாமல் சரஸ்வதி மகாலில் கொண்டுபோய்க் காட்டுங்கள். அரண்மனை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது.